நோன்புக்குத் தனி விதி இல்லை

ஒரு விடுகதை. தொண்டை காய்ந்து கிடக்கும். எதிரில் தண்ணீர் இருக்கும். தொட மாட்டார். தொடாததாலேயே குற்றவாளி ஆகிவிடுவார். யார் அவர்?

நோன்பு வைத்தவர் என்பீர்கள். அது பாதி விடைதான். ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் ஓட்டுகிற நசீர் அகமது என்றால்தான் முழு விடை.

கம்பெனி டிரைவர்களில் யாருக்காவது போதைப் பழக்கம் உண்டா என்று பார்க்கச் சிறுநீர்ச் சோதனை புதிதாக வந்திருந்தது. அந்த மாதிரியை எடுப்பதற்கும் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ். முதலுதவி அறை நர்ஸ் ஷர்மிளா பயிற்சியை முடித்துவிட்டாள். அன்றைக்குத் தேர்வு. ஐந்து டிரைவர்களிடம் ஒரு பிழையும் இல்லாமல் மாதிரி எடுக்க வேண்டும். தேறினால் காண்ட்ராக்ட் வேலை நிரந்தரமாகும். ஒரு பிழை வந்தாலும் எல்லாம் போச்சு.

நான்கு பேர் முடிந்தாயிற்று. ஐந்தாவது ஆள் நசீர்.

அவர் விடியுமுன் குடித்த தண்ணீரோடு இருப்பவர். மதியத் தொழுகைக்கு முன்பே ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருந்தார். கப்பை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போனவர் வெறும் கப்போடு திரும்பினார். அப்போது மணி மூன்று.

சிறுநீர் வராதவருக்கும் விதி இருக்கிறது. தண்ணீர் கொடுத்து மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். அதற்குள் தராவிட்டால், சோதனைக்கு மறுத்தவர் என்று எழுதிவிடுவார்கள். மறுத்தவருக்கு ஸ்டியரிங் கிடையாது.

பள்ளிக்கூடம் விட்டு, தினமும் போல அப்பாவின் பஸ்ஸில் பள்ளிகொண்டா போக வந்தாள் தூபா. வயது பத்து. அவளும் நோன்பு. விஷயத்தைக் கேட்டதும் கழிப்பறைக் கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்து ஷர்மிளாவை முறைக்கத் தொடங்கினாள். பாக்குகூடப் போடாத மனிதரைப் போதைக்காரன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

சென்னையிலிருந்து தேர்வு வைக்க வந்திருந்த காசிநாதன் கெட்டவரல்ல. விதிப் புத்தகத்தை விட்டு நகராதவர், அவ்வளவுதான். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஷர்மிளா கேட்டாள். குலுக்கலில் பெயர் வந்த நாளில்தான் எடுக்க வேண்டும் என்றார். நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும்வரை அரை மணி கூடக் கொடுக்கலாமா என்று கேட்டாள். நோன்புக்குத் தனி விதி இல்லை என்றார். பிறகு நசீரிடம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு டம்ளர் குடிச்சுடுங்க பாய். அல்லா மன்னிச்சுடுவார்."

"அவர் மன்னிச்சுடுவார் சார். எனக்குத்தான் மனசு வரல."

ஷிப்ட் விட்டது. பஸ் நகரவில்லை. ஊருக்குப் போக வேண்டிய பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். தையல் பிரிவு அமிர்தவள்ளி தலையை உள்ளே நீட்டினாள்.

"இன்னா சிஸ்டர், அந்த மனுஷனை ஒண்ணுக்குக்காக உக்கார வச்சுட்டு எங்களையும் ரோட்ல நிக்க வச்சிருக்கியே. எங்க வூட்டு அடுப்பை நீ வந்து பத்த வைப்பியா?"

ஷர்மிளாவை முந்திக்கொண்டு தூபா வாயைத் திறந்தாள்.

"எங்க அப்பா வேலை போனாலும் இவங்களுக்கு சர்டிபிகேட் வந்தாப் போதும் ஆன்ட்டி."

நசீர் மகளின் கையை அழுத்தினார். ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. பாங்குக்கு இன்னும் அரை மணி. ஷர்மிளா எழுந்து கழிப்பறைக்குள் போனாள். கதவு ஒருக்களித்தே இருந்தது. சிறுநீரில் தண்ணீர் கலந்துவிடக் கூடாது என்று ஒவ்வொருவர் உள்ளே போகும் முன்பும் குழாயின் வாயைப் புது டேப் ஒட்டி அடைப்பது வழக்கம். அந்த டேப்பை ஷர்மிளா நகத்தால் கீறிப் பிய்த்தாள். உருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பியபோது தூபாவின் கண்கள் அவள்மேல் இருந்தன.

ஷர்மிளா நேரே காசிநாதனிடம் போனாள்.

"சார், பாய் உள்ள போறப்போ குழாய்க்கு டேப் ஒட்ட மறந்துட்டேன்."

அவர் போய்ப் பார்த்தார். முகம் சிவந்து திரும்பி வந்தார். நான்கு பேரிடம் ஒழுங்காக எடுத்துவிட்டு ஐந்தாவதில் கோட்டை விடுவாளா ஒருத்தி என்று கத்தினார். இந்தச் சோதனை செல்லாது, பாய்க்கு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், உன் தேர்வும் ரத்து, அடுத்த வருஷம் வா என்றார்.

தூபா பெஞ்சின் விளிம்புக்கு வந்தாள். மறுபடி முதலிலிருந்தா? அப்பாவை இன்னும் உட்கார வைத்துப் பார்க்கவா இவள் அதைப் பிய்த்தாள்? பொய்க்காரி. கத்திவிடுவது என்று எழுந்தே விட்டாள்.

அதற்குள் ஷர்மிளா கேட்டாள்.

"முதல்லேர்ந்துன்னா, பாய்க்கு மூணு மணி நேரமும் இப்போலேர்ந்துதானே சார்?"

"இப்போலேர்ந்துதான். அதான் ரூலு."

ஷர்மிளா தூபாவைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில் மஞ்சளாகி இறங்கிக்கொண்டிருந்தது.

அரை மணியில் பாங்கு, அப்புறம் அப்பா தண்ணீர் குடிக்கலாம். தூபாவின் வாய் திறந்தபடியே நின்றது.

காசிநாதனுக்குச் சந்தேகம் தீரவில்லை. பாய் போகும் முன் நீ டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனதை என் கண்ணால் பார்த்தேனே என்று ஷர்மிளாவிடம் முனகினார். பிறகு தூபாவின் பக்கம் திரும்பினார்.

"நீ வந்ததுலேர்ந்து அந்தக் கதவுக்கு எதிர்லதானேம்மா உக்காந்திருக்கே? குழாய்ல டேப் இருந்துச்சா, இல்லையா? நோன்பு வச்ச பொண்ணு பொய் சொல்லாது. நீ சொன்னா நான் நம்புறேன்."

இல்லை என்றாள் தூபா.