சீமெந்து பூசிய சுவர்

குருநகரின் பழைய ஒல்லாந்தர் வீட்டுக்கு மேல்மாடி கட்ட வரைபடம் போட வந்திருக்கும் கீர்த்திகா, முருகைக்கல் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறாள். மத்தியான வெயிலில் அது புதுசாக மினுங்குகிறது. "மாடி வருகுதெண்டு போன மாரிக்கு முதலே சீமெந்து பூசிப்போட்டன். இனி ஷெல் அடிச்சாலும் அசையாது, மிஸ்," என்று வீட்டுக்காரி மேர்சி சிரிக்கிறாள். கடலில் எடுத்த கல் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அதை வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது. உள்ளே உப்புப் பூத்துக் கல் மாவாகிவிடும். கீர்த்திகா தட்டுவதை நிறுத்துகிறாள். சுவருக்குள் மணல் சொரிகிற சத்தம் நிற்கவில்லை. அந்தச் சுவர் தாங்கும் உத்தரத்தில் குழந்தையின் ஏணை மெல்ல ஆடுகிறது.

"அக்கா, பிள்ளையைத் தூக்குங்கோ!"

மேர்சி உதட்டில் விரல் வைக்கிறாள். "உஸ்... கத்தாதேங்கோ. இப்பத்தான் நித்திரையாகினவன்."