வால் வெட்டுப்பட்ட விமானம்

‘1946 மார்ச் 16, சனி. போன ஞாயிறு எடுத்த படங்கள் கழுவி வந்துவிட்டன. ஒரு சிறு பிழை. விமானத்தின் வால் வெட்டுப்பட்டுவிட்டது.’

எழுதிய பிறகு ஒஸ்வால்டுக்குச் சந்தேகம் வந்தது. சிறு பிழைதானா?

இரத்மலானை விமானத் தளத்தில் யுத்தம் முடிந்து கிடந்த ஹரிகேன் போர் விமானத்தைப் பார்க்க அவன் ஞாயிறுதோறும் ரயிலேறினான். கொட்டாஞ்சேனை மாலை வகுப்பில் கூடப் படிக்கும் ஐறீனும் போனாள். “அவனுக்குப் பிளேன் பைத்தியம். பாவம், அந்தப் பிள்ளை அவனுக்காக வெயிலில காயுது” என்று வகுப்பே கதைத்தது.

அன்று மாலை வகுப்பு வாசலில் படங்களைக் கொடுத்தான். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடியது.

“வடிவா இல்லையா?”

“எல்லாத்திலயும் நான்தானே நிக்கிறன்!”

“ஓம். நீங்க சிரிக்கிறது நல்லா விழுந்திருக்கு.”

“என்ட பல்லைப் பார்க்க வீட்டில கண்ணாடி இருக்கு. பிளேன் எங்க? பிளேனைப் படம் எடுக்கிறமெண்டு காவல்காரன் சந்தேகப்படக் கூடாதெண்டுதானே நான் முன்னால போய் நிண்டனான்! சண்டை நேரம் எங்கட கூரைக்கு மேலால பறந்தது, ஒஸ்வால்ட். திங்கக்கிழமை அதை உடைக்கப் போறாங்களாம்.”

அவள் கண் கலங்கியது. ஹரிகேன் எது, மற்ற விமானம் எது என்று ஒஸ்வால்டுக்கு இன்றுவரை தெரியாது. அவளோடு ரயிலில் போகத்தான் மாமாவின் கேமராவை இரவல் வாங்கியிருந்தான்.

வீடு வந்ததும் நாட்குறிப்பில் ‘சிறு’ என்பதை வெட்டினான். கீழே எழுதினான்:

‘நாளை முதல் ரயிலில் ஐறீனுடன் இரத்மலானை போக வேண்டும். மூக்கிலிருந்து வால் வரை விமானம் படத்தில் முழுதாக விழ வேண்டும். ஓரத்தில் ஐறீனின் தோள் தெரிந்தால் போதும்.’