கவுன்சிலர் சமையலறையில் இருக்கிறார்

"மேடம் சமையலறையில இருக்காங்க. என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லிடுங்க."

கவுன்சிலரின் கணவர் இப்படிச் சொன்னதும் மகளிர் சங்கத் தலைவிக்குச் சுர்ரென்று ஏறியது.

"நாங்க ஓட்டுப் போட்டது உங்களுக்கா, உங்க மனைவிக்கா?"

"அவங்களுக்குத்தான்."

"அப்ப நடு ஹால்ல நாற்காலியைப் போட்டுக்கிட்டு நீங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் தையல்காரர். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். கோபமே வராதவர்கள் சிரிப்பார்களே, பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வருமே, அந்தச் சிரிப்பு. ஹாலில் காத்திருந்த ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"நான் சொன்னப்ப நம்பலையேக்கா!" சங்கத்தின் பொருளாளர் காதைக் கடித்தாள். "சுவத்துல ஒட்டின போஸ்டர் இன்னும் கிழியலை. அதுக்குள்ள அவளை அடுப்படிக்கே திருப்பி அனுப்பிட்டார் பாருங்க."

தலைவியின் கோபத்தில் நியாயம் இருந்தது. டியூஷன் எடுத்துக்கொண்டு தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவளைத் தேர்தலில் நிற்கவைத்ததே அவள்தான். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். செருப்பு தேய்ந்தது, தொண்டை கட்டியது. 'பெண்களின் குரல்' என்று நோட்டீஸ் அடித்தாள். அந்தக் குரல் குக்கர் விசிலில் காணாமல் போனால் வயிறு எரியாதா?

"ஃபோன் பண்ணினா நீங்க எடுக்கறீங்க. நேர்ல வந்தா நீங்க பேசறீங்க. கையெழுத்தையும் நீங்களே போட்டுடறீங்களா?"

"அது அவங்கதான் போடறாங்கக்கா. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்."

ஹாலில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். தலைவிக்கு இன்னும் ஏறியது.

"நகருங்க! அவளை இந்த நாற்காலியில உட்காரவெச்சுட்டுத்தான் மறுவேலை."

"உள்ள ஆள் இருக்காங்கக்கா. கொஞ்சம் பொறுங்க..."

"சமையலறைக்குப் போறதுக்கும் அப்பாயின்ட்மென்ட்டா?"

அவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினாள். பொருளாளரும் பின்னாலேயே வந்து, வேடிக்கை பார்க்க வசதியாக வெளியே நின்றுகொண்டாள்.

அடுப்பு அணைந்து கிடந்தது. கவுன்சிலர் ஐஸ் ட்ரேயை மேடையில் தட்டிக்கொண்டிருந்தாள். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. அதன் படியில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். மூலையில் இன்னொருத்தி, தலையோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, மெல்லப் பேசுங்க," என்றாள் கவுன்சிலர்.

"எதுக்கு மெல்லப் பேசணும்? புருஷன்கிட்ட அவ்வளவு பயமா?"

"அவரை அங்க உட்காரச் சொன்னதே நான்தான்."

"என்னது?"

"ஜெயிச்ச புதுசுல நானும் ஹால்லதான் உட்கார்ந்தேன். பொம்பளைங்க வருவாங்க. சுத்தி இத்தனை ஆம்பளைங்களைப் பார்ப்பாங்க. 'எங்க தெருவுல லைட் எரியலை டீச்சர்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. போய்ப் பார்த்தா லைட் பளிச்சுன்னு எரியும். அப்புறம் ஒருநாள் ஒருத்தி பின்பக்கமா வந்து, சட்டையை விலக்கி முதுகைக் காட்டினா. அப்பத்தான் இந்த மண்டைக்கு உறைச்சது. ரோடு, சாக்கடைன்னு வர்றவங்களை அவர் உட்காரவெச்சுக் கேட்டுக்கறார். முடிவு பண்றது நான்தான். ஆனா இவங்க பேச்சை வேற யாரும் கேட்கக் கூடாது. அதனால இவங்க இந்த வழியா வர்றாங்க."

தலைவியுடையது மைக் பிடித்துப் பழகிய தொண்டை. உடனே திறந்துகொண்டது.

"அடப்பாவிங்களா! பொண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிறவனுக்கு என்ன மறைப்பு வேண்டிக்கிடக்கு? நாம இப்படி மூடி மூடி வெச்சுத்தான் அவனுங்க நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத் திரியறானுங்க!"

"அக்கா, ஹால் வரைக்கும் கேட்குது..."

"கேட்கட்டுமே! நல்லாக் கேட்கட்டும்!" தலைவி மூலையில் நின்றவள் பக்கம் போனாள். "ஏம்மா, நீ எதுக்குச் சுவத்தைப் பார்த்து நிக்கறே? வெட்கப்பட வேண்டியது நீயா? அப்படி ஒருத்தனைப் பெத்து வளர்த்தாளே, அவ வெட்கப்படணும். வா ஹாலுக்கு. அத்தனை பேர் முன்னாடியும் அவன் பேரைச் சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன்."

அவள் துண்டை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வேணாம்க்கா, விட்டுடுங்க." கவுன்சிலர் குறுக்கே வந்து கையைப் பிடித்தாள். "அவங்களுக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லட்டும்."

"நீ சும்மா இரு. இப்படிப் பயந்து பயந்துதான் எல்லாம் கெட்டுது. சொல்லும்மா, யாரு அவன்?"

அந்தப் பெண் துண்டை விலக்கிவிட்டுத் திரும்பினாள். ஒரு கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. உதடு வீங்கியிருந்தது.

"உங்க பையன்தான், அத்தை," என்றாள் தலைவியின் மருமகள்.

வெளியே பொருளாளர் கழுத்தை நீட்டினாள். "யாராம்க்கா? எனக்குச் சரியாக் கேட்கலை. யாருக்கா?"

தலைவி கவுன்சிலர் பக்கம் திரும்பினாள். எந்த மேடையிலும் யாரும் கேட்டிராத சின்னக் குரல் ஒன்று அவளிடமிருந்து வந்தது.

"முதல்ல அந்தக் கதவைச் சாத்தும்மா. ஹால்ல கேட்டுடப் போகுது."