இஜ்லால் தேடித் தந்த கீபோர்டு

கெய்ரோவில் முகம்மது அலி தெருவின் இசைக்கருவிக் கடைக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. கல்யாணங்களில் வாசிக்கும் பார்வையற்ற ஷவ்கி, நான்காவது கீபோர்டின் முன் நிற்கிறார். வேறு கடைகளில் பார்த்த முதல் மூன்றிலும் பொத்தான்களே இல்லை. வழவழவென்று கண்ணாடித் திரைதான். அதில் தாளத்தை மாற்றக்கூட அவருக்கு இன்னொருவர் கண் வேண்டும். "இதுவும் கண்ணாடின்னா வாசிப்பையே விட்டுடறேன், பத்ரிய்யா," என்கிறார். "விடுங்களேன். நீங்க இல்லாம நான் பாடினா மாப்பிள்ளையே ஓடிடுவான்," என்கிறாள் அவருடைய பாடகி மனைவி. கடைக்காரப் பெண் இஜ்லால் அவர் கையைப் பிடித்துக் கருவியின் மேல் வைக்கிறாள். மேடும் பள்ளமுமாய்ப் பொத்தான்கள். விரல்கள் நிதானமாக நகர்கின்றன. அரபு ராகங்களுக்காகச் சுரத்தைச் சற்றே இறக்கும் பன்னிரண்டு பொத்தான்களை வரிசையாக எண்ணுகின்றன. ஒன்றை அழுத்தி வாசிக்கிறார். சுரம் சரியான இடத்தில் இறங்கி நிற்கிறது. பத்ரிய்யா தன்னை அறியாமல் கூடவே பாடி முணுமுணுக்கிறாள். "இதுதான் சரின்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று இஜ்லாலிடம் கேட்கிறார் ஷவ்கி. "நீங்க வரேன்னு சொன்னதும், காலையில கண்ணைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் வாசிச்சுப் பாத்தேன், உஸ்தாத். இதுல மட்டுந்தான் நான் தடுமாறல." ஷவ்கியின் கைகள் கட்டைகள் மேல் அப்படியே நிற்கின்றன. அவள் குரல் வந்த பக்கம் திரும்புகிறார். "உனக்குப் பிடிச்ச பாட்டு எது, மகளே? இதுல முதல்ல அதைத்தான் வாசிக்கணும்."