வெளிச்சம் பார்க்க ஓர் ஆள்

"படம் எடுக்கத் தெரியாதவனை ஆர் பிடிச்சது?" எண்டு மண்டபத்துக்கு நடுவிலை நிண்டு கேட்டன்.

பிடிச்சது கலியாணப் பொம்பிளை ஆரபிதான். என்ரை தம்பியின்ரை ஒரே மகள். தம்பி கண்ணை மூடி ஆறு வருசம். கன்னிகாதானம் செய்து குடுக்கிறது நானும் என்ரை மனிசியும். நெல்லியடி மண்டபம், ஐயர், மேளம், சாப்பாடு எல்லாம் என்ரை பொறுப்பு. படக்காரன் மட்டும் தன்ரை விருப்பம் எண்டு நிண்டு சிமியோனைக் கொண்டு வந்திட்டாள்.

கமரா புதுசு. அதிலை பூட்டியிருந்த லென்ஸுக்கு என்ரை வயசிருக்கும். உவன் ஒரு படம் எடுப்பான், கமராவின்ரை முதுகைப் பாப்பான், லென்ஸ் வளையத்தைத் திருப்புவான், திரும்ப எடுப்பான்.

"என்ன தம்பி, தாலியையும் மூண்டு தரம் கட்டச் சொல்லப் போறீரோ?"

சிரிச்சான். "பழைய லென்ஸ் ஐயா. இதுக்கும் கமராவுக்கும் கதைபேச்சில்லை. வெளிச்சத்தை நான்தான் மட்டுக்கட்டோணும்."

"திரையிலை தெரியுதுதானே?"

"திரை ஏமாத்தும் ஐயா. வெயிலிலை பாத்தால் ஒரு மாதிரி, நிழலிலை பாத்தால் ஒரு மாதிரி. இதைத்தான் நம்பலாம்."

மூலையிலை ஒரு சின்னக் கோட்டுப்படத்தைக் காட்டினான். நெல்லுக் குவிச்ச மாதிரி இருந்துது.

"குவியல் வலப்பக்கக் கரையிலை முட்டினால் வெள்ளையெல்லாம் எரிஞ்சு போச்செண்டு அர்த்தம். எரிஞ்ச வெள்ளையைப் பிறகு ஆராலும் திருப்பி எடுக்கேலாது."

எனக்கு வேர்த்துப் போச்சு. தாலி கட்டுறது ஒருக்காத்தான். அந்தப் படம் எரிஞ்சால் மேலை இருக்கிற என்ரை தம்பிக்கு நான் என்ன சொல்லுறது? சால்வையாலை முகத்தைத் துடைச்சன்.

"அப்ப என்ன செய்யோணும், சொல்லும்."

"வெள்ளை உடுத்த ஒராள் வேணும் ஐயா. நிக்க வைச்சு, சோதிச்சுப் பாக்க ஒரு ரெஸ்ற் படம் எடுத்தால் மிச்சமெல்லாம் சரிவரும்." சுத்திப் பாத்தான். "அந்த அம்மா வந்தால் நல்லம்."

அவன் காட்டின இடத்தைப் பாத்தன். சாப்பாட்டுக் கூடத்து வாசலிலை, வெள்ளைச் சீலையோடை உதயகலா. தம்பியின்ரை மனிசி, ஆரபியின்ரை தாய்.

தாலி இழந்தவை மணவறைப் பக்கம் வாறேல்லை. அது எங்கடை வழக்கம். காலமையே நான்தான் சொல்லி வைச்சனான். "அம்மாவோடை ஒரு படமாவது, பெரியப்பா" எண்டு ஆரபி கேட்டவள். "எல்லாம் முடியட்டும், பாப்பம்" எண்டு விட்டிட்டன்.

யோசிச்சன். சடங்குக்கில்லையே, வெளிச்சத்துக்குத்தானே.

"உதயகலா, உதிலை வந்து கொஞ்சம் நில்லு."

"நானோ, அத்தான்?"

"ஓம். படத்துக்கு வெளிச்சம் பாக்கோணுமாம்."

மணவறைக்கு முன்னாலை நிண்டா. குத்துவிளக்குக்குப் பக்கத்திலையும் நிண்டா. ஆரபி வந்தாப் பிறகு, "பட்டுக்குப் பக்கத்திலை வெள்ளை எப்பிடி வருதெண்டு பாக்கோணும் ஐயா" எண்டான். கூறை மாத்திக்கொண்டு வந்தவுடனை, "நிறம் மாறிட்டுது, இன்னொருக்கா" எண்டான்.

"மகளைத் திரும்பிப் பாருங்கோ அம்மா. அந்தப் பக்கமும் பாக்கோணும்."

"மாலையைச் சரியாக்கி விடுங்கோ அம்மா. நிழல் விழுது."

ஐயர் அவசரப்படுத்த, கடைசியிலை நானே கூப்பிடத் தொடங்கிட்டன். "உதயகலா, ஓடி வா, வெளிச்சம் மாறிப்போச்சு." முன்வரிசையிலை ஒரு மனிசி முகத்தைச் சுழிச்சா. "படம் எரிஞ்சால் நீங்களோ பொறுப்பு?" எண்டு அவவின்ரை வாயை அடைச்சன்.

மூண்டு கிழமையாலை சிமியோன் அல்பத்தோடை வீட்டை வந்தான். தாலி கட்டுற படம் அப்பழுக்கில்லாமல் இருந்துது. கெட்டிக்காரன்தான் எண்டு மனசுக்கை சொல்லிக்கொண்டன்.

பிறகு பையுக்கை இருந்து இன்னொரு சின்ன அல்பத்தை எடுத்தான்.

"இது ரெஸ்ற் படங்கள் ஐயா. எறிய மனம் வரேல்லை. அந்த அம்மாட்டைக் குடுத்து விடுங்கோ."

தேத்தண்ணியும் குடிக்காமல் போயிட்டான்.

திறந்தன். இப்பிடியும் ஒரு வெளிச்சம் இருக்குமோ எண்டு பாத்துக்கொண்டே இருந்தன். மகளின்ரை நாடியைப் பிடிச்சு முகத்தை நிமித்திக்கொண்டு நிக்கிறா உதயகலா. சீலை நூல் நூலாத் தெரியுது. கண்ணுக்கை நிக்கிற தண்ணியும் தெரியுது. மற்றப் படத்திலை தாயும் மகளும் சிரிக்கினம். தம்பி போனாப் பிறகு அவ சிரிச்சு நான் கண்டதில்லை.

முதல் படத்திலையிருந்து கடைசிப் படம் வரைக்கும் திரும்பத் திரும்பப் பாத்தன். ரெஸ்ற் எண்டானே, ஒண்டிலையாவது வெள்ளை எரிஞ்சிருக்கோணுமே. ஒண்டிலையும் இல்லை.

கடைசிப் படத்தின்ரை ஓரத்திலை நானும் நிக்கிறன், வா வா எண்டு கையைக் காட்டிக்கொண்டு. அப்பத்தான் என்னை நானே வடிவாப் பாத்தன்.

வெள்ளை உடுத்த ஒராள் வேணுமெண்டு அவன் கேக்கேக்கை, வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சால்வையுமா அவனுக்கு முன்னாலை நிண்டது நான்தான்.