புள்ளியைப் பாருங்க, சார்

"தலையை ஆட்டாதீங்க, சார்" என்று டெக்னீஷியன் அவன் முடியை வகிர்ந்து, பசை தடவி ஒயரை ஒட்டினாள். அந்த விரல்கள் இன்னும் நாலு ஒயர் ஒட்டக்கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

"திரையில கட்டங்கள் கறுப்பு வெள்ளையா மாறிட்டே இருக்கும். நடுவுல இருக்கிற சிவப்புப் புள்ளியை மட்டும் பாருங்க. என்னைப் பார்க்காதீங்க."

"சரிங்க, மேடம்" என்றவன் நொடிக்கொரு தரம் அவளையே பார்த்துத் திட்டு வாங்கினான்.

பார்வை நரம்பில் வீக்கம் இருந்தால், கண் பார்த்த சேதி மூளைக்குத் தாமதமாகப் போய்ச் சேருமாம். அதை அளக்கிற சோதனை.

"உங்களுக்கு டாண்ணு போகுது. ஒரு குறையும் இல்லை."

அவன் முகம் தொங்கிப்போனது. "அப்போ மறுபடி வர வேண்டாமா?"

"நோயாளிகளோட ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல கண் உள்ளவங்க வேணும்னு போர்டு வெச்சோம். வந்தீங்க, முடிஞ்சுது."

"நரம்பு நல்லா இருந்தும் எனக்கு எல்லாம் ஏன் லேட்டாவே உறைக்குது?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனவளைக் கூப்பிட வர இத்தனை மாசமா? அதுவும் தலையில ஒயரை மாட்டிக்கிட்டுத்தான் வரணுமா?" என்றாள், விரலில் பசையோடு நின்ற அவன் மனைவி.

அணைந்துபோன திரையில் அவன் சிவப்புப் புள்ளியைத் தேடினான்.

"இந்தப் பசை லேசுல போகாது. உங்களுக்கு ஒழுங்காத் தலை தேய்ச்சுக் குளிக்கவும் தெரியாது" என்றபடி அவள் ஒயர்களைக் கழற்றினாள். "வெளியில உட்காருங்க, டியூட்டி முடிச்சுட்டு வர்றேன். வீட்டுல ஷாம்பூவாவது இருக்கா?"