ராதிகாவின் விடாக்கண்டன்

"ஊரிகம் ஸ்டேஷனுக்கு ரயில் வர்ற நேரமாச்சு. உன் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு வர்றியா, இல்லியா?" பட்டுப்புடவையில் நின்றபடி மருமகளை விரட்டினாள் தாயம்மா.

"அவன் விடணுமே அத்தை!" ராதிகா லேப்டாப்பிலிருந்து நிமிரவில்லை. "எங்க சாப்ட்வேரை எப்படிப் பயன்படுத்தணும்னு விளக்கம் எழுதறேன். அதுல இருக்கற உதாரணம் ஒவ்வொண்ணையும் போட்டுப் பார்க்கறான். விடை அஞ்சுன்னு எழுதிட்டேன், ஆறுதான் வருதாம். அதைத் திருத்தினா அடுத்ததைப் பிடிக்கிறான்."

"போன வாரம் சினிமாவும் இவனாலதானே போச்சு? போனைப் போடு, நாலு வார்த்தை கேக்கறேன்!"

"அவனுக்குப் போன் கிடையாது அத்தை."

தாயம்மா லேப்டாப்பின் பக்கம் குனிந்து கத்தினாள். "இன்னாப்பா, உனக்குப் பொண்டாட்டி, புள்ள இல்லியா? என் மருமவளை விடுப்பா!"

ராதிகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவன் ஆளே இல்ல அத்தை. தப்பைப் பிடிக்கற ஒரு புரோகிராம்தான். எழுதினது நான்."

"நீயா? அப்போ இன்னிக்கி மட்டும் கண்டுக்காதேன்னு சொல்லேன்!"

"யார் கெஞ்சினாலும் கேக்காத மாதிரி எழுதிட்டேனே!"

கடைசித் தவறையும் திருத்தினாள். எல்லாம் சரி என்று திரையில் பச்சை விழுந்தது. இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தாயம்மா மூச்சு வாங்கச் சொன்னாள்:

"உன் புருஷனுக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதும்மா. அவன் சொல்றது ஒண்ணு, நடக்கறது ஒண்ணு!"